நம்ம மருந்து இல்லை

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை ஒருமுறை கொட்டை எழுத்தில் தொலைக்காட்சியில் போட்டவள் நான். அது அவரை என்ன பாடு படுத்தியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதனால் எங்கள் தெரு கூப்பிட்டபடி அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்கிறேன். விருதுநகர்ப் பக்கம் அண்ணாச்சி என்று கூப்பிட்டால் தெருவுக்குப் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

திருத்தங்கலில் எங்களுக்கு அடுத்த வீடு. என் அப்பா மிஷன் பள்ளியில் ஆசிரியர், அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணாச்சிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. பட்டாசு செய்கிற வேலை இல்லை, செய்ததை வெடித்துப் பார்க்கிற வேலை. ஒவ்வொரு சரக்கிலும் இரண்டு மூன்றை எடுத்துக் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் வைத்துப் பற்றவைப்பார். எவ்வளவு உயரம் போனது, என்ன நிறம் காட்டியது, எத்தனை எண்ணும்வரை நின்றது, எல்லாவற்றையும் ஒரு நீளநோட்டில் எழுதுவார். பற்றவைக்கும் முன் சுற்றியுள்ள அறைகளை ஒரு நடை நடந்து பார்த்து, எந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் எழுதிவிடுவார். இதைக் கம்பெனி கேட்டதில்லை. தப்பித்தவறி ஒரு பொறி பறந்துபோய் விழுந்தால் யாரை எங்கே தேடுவது என்று அவராகவே ஏற்படுத்திக்கொண்ட பழக்கம்.

இந்த வேலை அவரைக் கெடுத்ததா, இல்லை அவர் பிறவியிலேயே அப்படியா, தெரியாது. கண்ணால் பார்க்காத ஒன்றை அவர் வாயிலிருந்து வாங்கவே முடியாது. பார்த்தது, கேட்டது, பிறர் சொன்னது மூன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்திருப்பவர். காலையில் பால்காரர் சும்மா பேச்சுக்குக் கேட்பார்.

"அண்ணாச்சி, இன்னிக்கு மழை உண்டுமா?"

"மேகம் நிக்கி. மழையை இன்னும் பாக்கல."

வெளியே மின்னல் வெட்டினால், பாதிப் பேச்சில் கையைத் தூக்கி நம்மை நிறுத்திவிடுவார். உதடு அசையும். இடி விழுந்ததும் "ஒம்பது எண்ணியாச்சு, தூரம்தான்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார். நாங்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

எதிர்வீட்டுப் பையனுக்கு ஆமத்தூரில் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். தெருவில் எல்லோரும் ஒரே குரலில் தங்கமான பையன் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். கடைசியாக அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

"பையன் எப்படிங்கய்யா?"

"காலைல ஏழரைக்கு வண்டிய எடுத்துக்கிட்டு பிரஸ்ஸுக்குப் போவான். சாயந்தரம் ஆறரைக்கு வந்துருவான். நடுவுல நான் பாக்கல."

"கெட்ட பழக்கம் எதுவும்..."

"இந்தத் தெருவுல வச்சு நான் பாக்கல."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையில் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள். சம்பந்தம் முறிந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி அன்று அவரைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டாள்.

"தங்கமான பையன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாயில இருக்க முத்தா உதுந்துரும்?"

"தங்கமான்னு நான் உரசிப் பாக்கலயே."

கோயில் பங்குனிப் பொங்கல் வாணவேடிக்கைக்கு அவரோடு போனால் தனி ருசி. வானத்தில் ஒவ்வொன்றும் விரியும்போது பெயர் சொல்லுவார். இந்தச் சிவப்பு ஸ்ட்ரான்சியம், அந்தப் பச்சை பேரியம், அதோ மஞ்சளில் உப்பு கூடிப்போச்சு. நீலம் விரிந்தால் மட்டும் எழுந்து நிற்பார். நீலம் கொண்டுவருவதுதான் கஷ்டம், தாமிரத்தைச் சூடு கொஞ்சம் அதிகமாகக் காட்டினாலும் வெளுத்துவிடும் என்பார். வானத்தில் எரிகிற எதைக் காட்டினாலும் அதில் என்ன மருந்து போட்டிருக்கிறது என்று அவரால் சொல்ல முடியும். பட்டாசுக்குப் போடும் ரசாயனத்துக்கு எங்கள் ஊரில் மருந்து என்றுதான் பெயர்.

நான் கல்லூரியில் படித்தபோது ஒரு விடுமுறைக்கு வந்திருந்தேன். காலையில் அப்பா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி நோட்டோடு மதில் ஓரம் வந்து நின்றார். வேலைக்குப் போகிற நேரத்தில் அவர் இப்படி வந்து நின்றதேயில்லை.

"சார், நேத்து சாயந்தரம் ஏளு மணிக்கு ஒண்ணைப் பாத்தேன். என்னன்னு தெரியல."

அப்பா தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டார். அண்ணாச்சி வாயிலிருந்து 'தெரியல' என்று வந்தது அவருக்கு அப்படி அதிர்ச்சி.

விஷயம் இதுதான். முந்தின நாள் சாயங்காலம் அவர் ஒரு புது வாணத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். அது விரிந்து அணைந்துவிட்டது. அணைந்த பிறகும் வானத்தில் ஒரு வெளிச்சம் நின்றது, ஆனைக்குட்டம் அணைக்கு மேற்கே. காற்று ஒரு பக்கம் அடிக்க அது எதிர்ப்பக்கம் மெல்ல நகர்ந்திருக்கிறது. பிறகு ஒரேயடியாகக் காணாமல் போய்விட்டது. நோட்டைப் பிரித்துக் காட்டினார். அவருடைய குண்டு குண்டு எழுத்தில் இருந்தது: அணைக்கு மேற்கே. நின்றது நாற்பது எண்ணும்வரை. சத்தம் இல்லை. புகை இல்லை. நிறம் என்ற இடத்தில், நம்ம மருந்து இல்லை.

"ஏரோப்ளேனா இருக்கும்" என்றார் அப்பா.

"ப்ளேன் நிக்காதுல்ல சார்."

"வேற கம்பெனிக்காரங்க ஏதாவது விட்டிருப்பாங்க."

"விடியக் காலைல நாலு கம்பெனிக்குப் போய்க் கேட்டுட்டேன். நேத்து யாரும் மேல எதுவும் விடலன்னு சொன்னாக."

நான் மதிலில் ஏறாத குறையாகக் குதித்துக்கொண்டிருந்தேன். "என்ன நிறம் அண்ணாச்சி?"

"நீலமும் இல்ல, ஊதாவும் இல்ல பாப்பா. அம்புட்டு நேரம் நின்னும் வெளுக்கவே இல்ல."

"அப்ப பறக்கும் தட்டுதான்!"

"தட்டை நான் பாக்கல. வெளிச்சத்தைத்தான் பாத்தேன்."

அதோடு முடித்துக்கொண்டார். நான் அந்த விடுமுறை முழுக்கத் துருவித் துருவிக் கேட்டேன். நாற்பது நாற்பத்தொன்றாகவில்லை.

பல வருஷம் கழித்துச் சென்னையில் நான் தொலைக்காட்சிக்குக் கதை எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிற மாதிரி ஓர் அறிவியல் புனைகதைத் தொடருக்கு வாய்ப்பு வந்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து வருகிறவர்களின் கதைகள். இயக்குநர் உலகம் முழுக்க யார் யார் வானத்தில் எதை எதைப் பார்த்தார்கள் என்று பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி ஒரு கோப்பு நிறைய வைத்திருந்தார். கற்பனையாக எழுதினால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள், நிஜமாகப் பார்த்தவனின் கதையிலிருந்து தொடங்கினால் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பது அவருடைய கட்சி. ஒருநாள் கோப்பை மூடிவிட்டு, "எல்லாம் வெளிநாடாவே இருக்கு. நம்ம ஊர்ல ஒருத்தர்கூடவா பார்க்கல?" என்று கேட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எங்க பக்கத்து வீட்டு அண்ணாச்சி பார்த்திருக்கார் என்றேன்.

எழுதிக் கொடுத்தேன். பட்டாசுக் கம்பெனிப் பொட்டல், சாயங்காலம், ஒரு வாணம் மேலே போகிறது. அதைச் சமிக்ஞை என்று நினைத்துக்கொண்டு மேலேயிருந்து ஒரு கப்பல் பதில் வெளிச்சம் காட்டுகிறது. இதுவரை எனக்கே பிடித்திருந்தது. ஆனால் கப்பல் வந்தால் கதவு திறக்க வேண்டும், கதவு திறந்தால் ஆள் இறங்க வேண்டும். வெள்ளி உடம்போடு மூன்று பேர் இறங்கினார்கள். அண்ணாச்சியின் நாற்பது எண்ணிக்கை என் கதையில் நாற்பது நிமிஷமாகிவிட்டது. கதையில் வருகிறவர் தலையைப் பிடித்துக்கொண்டு ஊர் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடுவார். கதைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தேன்.

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு வாரமும் கதை முடிந்ததும் 'பார்த்தவர் பேசுகிறார்' என்று ஒரு நிமிஷத் துண்டு போட முடிவு செய்தார்கள். அண்ணாச்சியைக் கேமராவுக்கு முன்னால் உட்காரவைக்க நானே திருத்தங்கலுக்குப் போனேன். அவர் முதலில் தயங்கினார். எனக்காக ஒத்துக்கொண்டார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் பேசினார். நோட்டில் எழுதியிருந்ததற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. யாராவது இறங்கி வந்தார்களா என்று நான் நாலு விதமாகக் கேட்டேன். நாலு தடவையும் "அதை நான் பாக்கல" என்றார். நடுவில் மைக்கைச் சரிசெய்தபோது மதினி அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். சும்மா இருக்க வேண்டாமே என்று நான், "காப்பி குடிச்சிட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஆமா" என்றார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சென்னையில் எடிட்டிங் அறையில் எடிட்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மேடம், இவரு எதுக்குமே ஆமான்னு சொல்ல மாட்டேங்கிறாரே. இதை எப்படி ஒளிபரப்புறது?" ஓட்டி ஓட்டிப் பார்த்ததில் அந்தக் காப்பி ஆமா கிடைத்தது. அடுத்த அறையில் மைக்கு முன்னால் என்னை உட்காரவைத்துப் புதிதாக ஒரு கேள்வியைப் பதிவு செய்தார்கள். "அந்த வெளிச்சத்திலிருந்து யாராவது இறங்கி வந்தார்களா?" என் குரல்தான். அதற்குப் பிறகு அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, நிதானமாக "ஆமா" என்றார். கீழே அவர் பெயர், ஊர், உண்மைச் சம்பவம் என்ற எழுத்து. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் என்று வருகிறது.

ஒளிபரப்பான மறுநாள் காலை அவரிடமிருந்து போன்.

"பாப்பா, நல்லா எடுத்திருக்கீக. தெருவே உக்காந்து பாத்துச்சு. ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்த ஆமா நான் காப்பிக்குச் சொன்னதுல்ல?"

"டிவியில அப்படித்தான் அண்ணாச்சி. கொஞ்சம் வெட்டி ஒட்டுவாங்க."

"அடுத்த வாரம் ஒரு வரி போட்டுருவியா? அது காப்பிக்குச் சொன்னதுன்னு?"

நான் சிரித்துவிட்டேன். யாருமே அதை நிஜமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சமாதானம் சொன்னேன். "சரி, நீ படிச்ச புள்ள" என்று வைத்துவிட்டார். அதன்பிறகு அவரை நான் அழைக்கவில்லை. வேலை இருந்தது என்று சொன்னால் அது பொய். கூச்சமாக இருந்தது.

போன வருஷம் அந்தக் கம்பெனியில் விபத்து நடந்தது. வாணத்துக்குள் வைக்கிற கலர் மணிகளை, மருந்து உருண்டைகளை, உருட்டுகிற அறை. தீபாவளிச் சீசன், ஆர்டர் நெருக்கடி. உள்ளே இருந்த யாரும் பிழைக்கவில்லை. தொலைக்காட்சியில் கீழே ஓடுகிற எழுத்தில் பார்த்தேன், அண்ணாச்சிக்கு எதுவும் ஆகவில்லை என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து மதினி கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில் அழுகை.

"எத்தா, உன் டிவியைப் போட்டுக் காட்டி அந்த மனுசனைப் பைத்தியக்காரன்னு ஆக்கிட்டாக."

அவள் சொன்னது இதுதான். அந்த அறையில் வழக்கமாக வேலை பார்க்கிற நான்கு பெண்களில் பேச்சியம்மாள் ஒருத்தி. அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். சீசன் நேரத்தில் ஓர் இடத்தை விட்டால் போய்விடும். அதனால் அம்மாவுக்குப் பதில் மகளோ தங்கையோ போய் உட்காருவது எங்கள் பக்கம் சாதாரணம். பேச்சியம்மாளின் மகள் செல்வி, இருபது வயதுப் பெண், அம்மா இடத்தில் போய் உட்கார்ந்தாள். வருகை ஏட்டில் அவள் பெயர் இல்லை. கம்பெனி, உள்ளே மூன்று பேர்தான் வேலை பார்த்தார்கள், அந்தப் பெண் அம்மாவுக்கு லீவு சொல்ல வந்து வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவள் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. மற்ற வேலையாட்கள் வாய் திறக்கவில்லை. அவர்கள் மறுநாளும் அங்கேயே வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

வாய் திறந்தவர் ஒருவர்தான். அன்று காலை பற்றவைக்கும் முன் வழக்கம்போல ஒரு நடை நடந்தவர், நோட்டில் எழுதியிருக்கிறார்: மணி அறை, நான்கு பேர், நால்வரும் உட்கார்ந்து வேலை. விருதுநகரில் நடந்த விபத்து விசாரணைக்கு அந்த நோட்டைக் கொண்டுபோனார். ஒரு நோட்டை மட்டும் கொடுத்தால் இதற்கென்று எழுதியது என்பார்களே என்று, இருபது வருஷத்து நோட்டையெல்லாம் இரண்டு பை நிறையச் சுமந்துபோய் வைத்தார். கம்பெனி வக்கீல் எழுந்து கைபேசியை எடுத்தார். என் குரல் கேட்டது. அந்த வெளிச்சத்திலிருந்து யாராவது இறங்கி வந்தார்களா? ஆமா. கூடம் முழுக்கச் சிரிப்பு. வெள்ளி உடம்புக்காரர்கள் மூன்று பேரைப் பார்த்தவர் நான்காவதாக ஒரு பெண்ணைப் பார்த்ததில் ஆச்சரியம் என்ன என்று வக்கீல் கேட்டாராம். விசாரித்த அதிகாரி அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்.

நான் தொலைக்காட்சி நிலையத்துக்கு ஓடினேன். முழுப் பதிவும் எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். காப்பிக் கேள்வி உலகத்தில் என் தலைக்குள் மட்டும்தான் மிச்சமிருந்தது. வெட்டி ஒட்டியதை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு விருதுநகருக்கு ரயில் ஏறினேன்.

விசாரணை நடந்த கட்டடத்தின் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் அண்ணாச்சி. நன்றாக நரைத்துவிட்டது. பக்கத்தில் மதினி. கொஞ்சம் தள்ளித் தரையில் ஒரு பெண், மடியில் ஒரு போட்டோ. சொல்லாமலே தெரிந்தது, பேச்சியம்மாள்.

"வா பாப்பா. சாப்பிட்டியா?" என்றார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்து வேறு என்னவோ உளறினேன்.

பேச்சியம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம்மக வேடிக்கை பாக்கப் போயிச் செத்தான்னு எளுதிருக்காகம்மா. நான்தான் போகச் சொன்னேன். அவ வேலை பாத்துத்தான் செத்தா. அதை மட்டும் எளுதச் சொல்லும்மா. அண்ணாச்சி பாத்திருக்காக."

உள்ளே போனோம். அதிகாரி என் கடிதத்தைப் படித்தார். வக்கீல் எழுந்தார்.

"அன்றைக்கு உண்மைச் சம்பவம் என்று போட்டவரும் இவர்தான், இன்றைக்குப் பொய் என்று சொல்கிறவரும் இவர்தான். இதில் எதை நம்புவது ஐயா?"

அதிகாரி கெட்டவரில்லை. அண்ணாச்சியைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார். "ஆள் இறங்கியதை விடுங்க. வெளிச்சம் பார்த்ததாவது நிஜமா? யோசிச்சு மத்தியானத்துக்கு மேல சொல்லுங்க."

இடைவேளை விட்டார்கள். என் மூளை வேகமாக வேலை செய்தது. பதினைந்து வருஷமாகப் பிறர் வாய்க்கு வசனம் எழுதுகிறவள் நான். வெளிச்சம்தான் இவரைப் பைத்தியமாகக் காட்டுகிறது, அதை எடுத்துவிட்டால் அறையும் நான்கு பேரும் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். என் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதி நீட்டினேன். 'அன்று நான் எதையும் பார்க்கவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டதால் சொன்னேன்.'

"இது ஒரு வரிதான் அண்ணாச்சி. இதைச் சொல்லிட்டா மத்ததை அவர் நம்பிடுவார்."

அவர் தாளை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

"பாத்தேனே பாப்பா."

"தெரியும் அண்ணாச்சி. வெளிச்சத்தால யாருக்கு என்ன? செல்விக்காகச் சொல்லுங்க."

அவர் பேச்சியம்மாள் இருந்த பக்கம் பார்த்தார். அவள் போட்டோவைச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மத்தியானம் மதினி கட்டிக்கொண்டு வந்த சோற்றை அவர் தொடவில்லை.

மறுபடி கூப்பிட்டார்கள். அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். அண்ணாச்சி எழுந்து நின்றார். தாளை எடுக்கவில்லை, மனப்பாடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி, எங்கள் ஊர்ப் பேச்சே இல்லாமல் சொன்னார்.

"அன்று நான் எதையும் பார்க்கவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டதால் சொன்னேன்."

அதிகாரி தலையசைத்தார். எனக்கு மூச்சு வந்தது. அப்போது வக்கீல் எழுந்தார். அவர் அவசரப்படவில்லை. அண்ணாச்சி சுமந்துவந்த பையிலிருந்தே பழுப்பேறிய ஒரு நோட்டை எடுத்தார். அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து நிதானமாகப் படித்தார். அணைக்கு மேற்கே. நின்றது நாற்பது எண்ணும்வரை. சத்தம் இல்லை. புகை இல்லை. நம்ம மருந்து இல்லை.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமா."

"தொலைக்காட்சிக்காரர்கள் வந்து கேட்பதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் முன்னால் எழுதியது. எதையும் பார்க்கவில்லை என்று இப்போது நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் பார்க்காததையும் பார்த்ததாக இந்த நோட்டில் எழுதுகிற பழக்கம் உங்களுக்கு உண்டு. மணி அறை, நான்கு பேர் என்பதும் அப்படித்தானே?"

ஒரு வாரமாக அவர்கள் எல்லா நோட்டையும் படித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை என் கண்ணால் பார்த்தவள் நான், அது அந்தப் பைக்குள்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவர் பார்த்தேன் என்றே சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள், பைத்தியம் என்றிருப்பார்கள். அதிகாரி ஒருவேளை நம்பியும் இருப்பார். நோட்டைப் பொய் என்று சொல்ல மட்டும் யாராலும் முடிந்திருக்காது. அதைச் சொல்லவைத்தது நான் எழுதிக் கொடுத்த வசனம்.

அண்ணாச்சியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அதிகாரி இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினார். நோட்டுகளைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளே இருந்தவர்கள் மூவர். வாசலில் நின்ற வெளியாள் ஒருவர்.

வராந்தாவில் பேச்சியம்மாள் எங்களுக்காகக் காத்திருந்தாள். யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள்.

"எதுக்கு அண்ணாச்சி அப்படிச் சொன்னீக?" என்று மட்டும் கேட்டாள். அவர் என் பக்கம் கைகாட்டவில்லை. நானே சொல்லியிருக்க வேண்டும். அவள் போட்டோவைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள். மதினி அழுதுகொண்டே அவள் பின்னால் போனாள்.

படியில் நானும் அவரும் மட்டும் நின்றோம். நல்ல வெயில். அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். வாழ்நாளில் ஒருவரிடமும் அவர் கேட்டிராத கேள்வியை, விபத்து நடந்த அன்று சென்னையில் இருந்த என்னிடம் கேட்டார்.

"பாப்பா, நெசமாச் சொல்லு. செல்வி அங்கன உக்காந்திருந்தா. நான் பாத்தேன்ல?"